வாழ்க்கையில் வழி தெரியாதபோது கிறிஸ்தவ விசுவாசம் எப்படி வழிகாட்டும்?

சபைகளில் இதை 'வழிநடத்துதல்' என்பார்கள். வேலை போச்சு, கடன், வீட்டில் சண்டை என்று திகைத்து நிற்கும்போது வேதம் (பைபிள்), ஜெபம், மூத்தவர்களின் ஆலோசனை மூன்றையும் வைத்து அடுத்த அடியைக் கண்டுகொள்வது. ஏன் மூன்றும்? பயந்த மனசு, தனக்கு வேண்டியதையே கடவுள் சொன்னதாக எடுத்துக்கொள்ளும். வேதமும் மூத்தவர்களும் அதைத் தட்டிக் கேட்பார்கள்.

கரண்ட் போன ராத்திரியில் சென்னை காசிமேட்டு மீனவர் சந்தில் செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். காலடியில் கிடக்கும் வலையும் ஐஸ் பெட்டியும் தெரியும், சந்து முனை தெரியாது. பைபிளின் பாடல் தொகுப்பான சங்கீதத்தில், 119:105 கடவுளின் வார்த்தையைக் 'கால்களுக்குத் தீபம்' என்பது அந்த அளவு வெளிச்சத்தைத்தான்.

தொடங்குவதற்குச் சங்கீதமே சுலபம். மொத்தம் 150, தினம் 5 என்றால் 30 நாள். (119 மட்டும் 176 வசனம், பிரித்துப் படியுங்கள்.) பல சங்கீதங்கள் புலம்பல் மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம். தைத்த ஒரு வரியை நோட்டில் எழுதி, அதன் கீழே அன்றைக்கு முடியக்கூடிய ஒரே ஒரு வேலையைக் குறியுங்கள். கடன் கொடுத்தவருக்கு போன் போட்டுத் தவணை கேட்பதும் அதில் சேரும். பெரிய முடிவென்றால் போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ பேசிவிட்டு எடுங்கள்.

புத்தாண்டு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டை (பைபிள் வசனம் அச்சிட்ட அட்டை) குறி சொல்லும் சீட்டு அல்ல: பலர் சுவரில் மாட்டும் எரேமியா 29:11, உங்களைக் குறித்து நல்ல நினைவுகளே வைத்திருக்கிறேன் என்று கடவுள் சொல்லும் வசனம், பாபிலோனுக்குச் சிறையாகப் போனவர்களுக்கு எழுதியது, அதற்கு முந்தைய வசனத்திலேயே, அவர்கள் ஊர் திரும்புவது 70 வருஷம் முடிந்த பிறகுதான் என்று இருக்கிறது.