ஏசி இல்லாத வீட்டின் கார்பன் கணக்கு

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை, வீட்டில் நான்கு பேர். மகளுக்குப் பள்ளியில் வீட்டின் கார்பன் தடத்தை, அதாவது நம் வீட்டால் ஆண்டுக்கு எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு காற்றில் சேர்கிறது என்பதை, கணக்கிட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். நெட்டில் பார்த்தால் விமானப் பயணம், ஏசி என்று கேட்கிறது. இரண்டும் எங்களிடம் இல்லை. கரன்டும் குந்தா, பைக்காராவில் தண்ணீரிலிருந்து எடுப்பதுதானே? அப்படியானால் எங்கள் கணக்கு பூஜ்யமா? ஆண்டுக்கு 9 சிலிண்டர், மாதம் 12 லிட்டர் பெட்ரோல், இரண்டு மாதத்துக்கு 320 யூனிட் கரன்ட், தோட்டத்துக்கு ஆண்டுக்கு 6 மூட்டை யூரியா ஆகிறது. குப்பையைக் கொல்லையில் எரித்துவிடுகிறோம்.

பதில்: யூரியாவையும் எழுதினீர்களே, சபாஷ். பலர் அதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

முதலில் கரன்ட். பைக்காரா நிலையம் 1932-லிருந்து ஓடுகிறது. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்த மின்சாரம் உங்கள் வீட்டுக்கென்று தனிக் கம்பியில் வருவதில்லை. கிரிட் என்ற பொது மின்கம்பி வலையில் போய், நிலக்கரி எரித்து எடுக்கும் அனல்மின் கரன்டோடு கலந்துவிடுகிறது. அதனால் நாட்டின் சராசரியைத்தான் எடுக்க வேண்டும்: யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஆண்டுக்கு 1,920 யூனிட் என்றால் ஏறத்தாழ 1,340 கிலோ.

ஏசி இல்லாத வீட்டில் அவ்வளவு யூனிட் எங்கே போகிறது? உங்கள் வீட்டில் கீசர் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். குழாய்த் தண்ணீர் 15 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிக்க 40 டிகிரியாவது வேண்டும். ஆளுக்கு 25 லிட்டர் என்றால் ஒருவருக்கு 0.7 யூனிட்டுக்கு மேல், நான்கு பேருக்கு நாளைக்கு மூன்று யூனிட் வரை. இரண்டு மாதத்தில் 175 யூனிட். பில்லில் பாதிக்கு மேல் குளியலறையிலேயே முடிந்துவிட்டது! காலையில் போட்ட கீசரை மத்தியானம் வரை அணைக்க மறந்தால் அது தனி. முதலில் அந்தப் பழக்கத்தை மாற்றுங்கள். கீசரில் வெப்ப அளவைத் திருகும் குமிழ் இருந்தால் 50, 55-ல் வையுங்கள்.

சோலார் ஹீட்டர் மலையில் வேலை செய்யுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். செய்யும். ஜனவரியில் இரவு உறைபனி விழுந்தாலும் பகல் வெயில் நன்றாகவே இருக்கிறது. மேகமும் மழையுமாக இருக்கும் நாட்களில்தான், முக்கியமாக அக்டோபர், நவம்பரில், கீசர் துணைக்கு வேண்டும். கண்ணாடிக் குழாய் வகையை வாங்குங்கள். தட்டை வகையில் நீர் உறைந்து உள்ளே இருக்கும் குழாய் வெடிக்க வாய்ப்புண்டு.

சிலிண்டருக்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. 14.2 கிலோ காஸ் எரிந்தால் சுமார் 42 கிலோ, ஒன்பதுக்கு 380. பெட்ரோல் லிட்டருக்கு 2.3 கிலோ, ஆண்டுக்கு 330.

இப்போது யூரியா. மண்ணில் போட்டதும் அதில் உள்ள கார்பன் வெளியேறுகிறது. அப்புறம் அதன் நைட்ரஜனில் சுமார் நூற்றில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாக மாறிக் காற்றில் கலக்கிறது. ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடைவிட ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு 270 மடங்கு அளவுக்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். இரண்டையும் சேர்த்தால் 45 கிலோ மூட்டைக்கு ஏறத்தாழ 120 கிலோ. கிட்டத்தட்ட மூன்று சிலிண்டர் எரித்த கணக்கு. ஆறு மூட்டைக்கு 720 கிலோ. உங்கள் காஸும் ஸ்கூட்டர் பெட்ரோலும் சேர்ந்தால் இவ்வளவுதான் வரும். மண்ணுக்கும் மழைக்கும் தக்க இது கூடும், குறையும். ஆலையில் யூரியா தயாரிக்கும்போது வரும் புகையை நான் சேர்க்கவில்லை.

அதற்காக உரமே போடாதீர்கள் என்று சொல்லமாட்டேன். இலை விற்றுத்தானே குடும்பம் ஓடுகிறது. மண்ணைச் சோதித்துவிட்டுப் போடுங்கள். குன்னூரில் உபாசி (தென்னிந்தியத் தோட்ட உரிமையாளர் சங்கம்) நடத்தும் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். கனமழை வரும் என்று தெரிந்த நாளில் உரத்தைத் தூவினால் பாதி ஓடைக்குத்தான் போகும். ஈரம் இருக்கும் நாளில், பல தவணையாகப் போடுங்கள். கவாத்தில் வெட்டி விழும் குச்சிகளையும் விறகுக்கு அள்ளாமல் செடியடியிலேயே விடுங்கள், அதிலும் சத்து இருக்கிறது.

மகளின் நோட்டில் யூரியாவை ‘தொழில்’ என்று தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். எல்லாம் சேர்த்து 2,770 கிலோ, ஆளுக்கு 700-க்குச் சற்றுக் குறைவு. சாப்பாடு, துணிமணி இதில் இல்லை.

கடைசியாகக் குப்பை. கார்பன் கணக்கில் இது சின்னத் தொகைதான். ஆனால் நீங்கள் எழுதியதிலேயே என்னைப் பதறவைத்தது இதுதான். குளிர்காலக் காலையில் கனத்த குளிர்காற்று பள்ளத்தில் தேங்கி நிற்கும். புகை மேலே போகாது. உங்கள் கொல்லையில் வைத்த தீயின் புகை ஒன்பது மணி வரை கீழ்வீட்டுத் திண்ணையில் நிற்கும். பிவிசி குழாய்த் துண்டு, வயர் எரிந்தால் டையாக்சின் என்ற நஞ்சும் அதில் சேரும். பிளாஸ்டிக் கவர்களைக் கழுவிக் காயவைத்துத் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். காய்கறிக் கழிவைக் குழியில் போடுங்கள். நம்ம ஊர்க் குளிரில் மக்க நாளாகும். மேலே பழைய சாக்கைப் போட்டு மூடி, வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் கொஞ்சம் சீக்கிரம் ஆகும்.