சட்டம் கேளுங்கள்: அந்தத் தாளில் கையெழுத்து வேண்டாம்

இந்த முறை திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் மூன்று, இரசாயனத்தால் வந்த பாதிப்பைப் பற்றியவை. முதல் கடிதம் அவசரமானது, அதனால் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். மற்ற இருவரும் கோபிக்க வேண்டாம்.

கேள்வி: ஐயா, என் கணவர் ஒரு ஐஸ் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். போன மாதம் இரவு வேலையில் வால்வு ஒன்று விட்டு அமோனியா முகத்தில் அடித்துவிட்டது. கண் இன்னும் மங்கல், பத்தடி நடந்தாலே மூச்சு வாங்குகிறது. ஆஸ்பத்திரிக்கு முதலாளியின் ஆள்தான் கூட்டிப் போனார். இப்போது ஐம்பதாயிரம் தருகிறோம், ஒரு தாளில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். கேட்டால், இவர் கொந்தராத்துக்காரரின் ஆள், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றும் சொல்கிறார்கள். சட்டத்தரணி வைக்க எங்களிடம் வசதியில்லை.
(கிண்ணியா வாசகி)

பதில்: தங்கச்சி, காசை வாங்குவதில் தவறில்லை, அந்தத் தாளில்தான் வில்லங்கம். "மருத்துவச் செலவுக்காக ரூபா 50,000 பெற்றுக்கொண்டேன்" என்று மட்டும் நீங்களே தமிழில் எழுதி, திகதி போட்டுக் கொடுங்கள். "முழு நட்டஈடாக" என்றோ "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்றோ ஒரு வரி இருந்தால் பேனாவை எடுக்கவே வேண்டாம். ஏற்கனவே வைத்தாயிற்று என்றாலும் பயப்படாதீர்கள். தொழிலாளியின் நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் சட்டத்தில் நிற்காது. ஆனால் அதை நிரூபிக்க வீணாக அலைய வேண்டிவரும்.

அடுத்தது, முதலாளியின் ஆள் கூட்டிப் போனார் என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்குக் கவலை தருவது அதுதான். வார்டில் சேர்க்கும்போது கட்டில் தலைமாட்டில் தொங்கவிடும் பெட் ஹெட் டிக்கெட்டின் முதல் பக்கத்தில், என்ன நடந்தது என்று இரண்டு மூன்று வரி எழுதுவார்கள். நோயாளி வலியில் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பார், கூட வந்தவர் "வீட்டில் கிளீனிங் மருந்து தெறித்துவிட்டது டொக்டர்" என்று சொல்லிவிடுவார், அது அப்படியே பதிவாகும். பிறகு எந்த நீதிமன்றத்துக்குப் போனாலும் எதிர்த்தரப்பு முதலில் விரிப்பது அந்தப் பக்கத்தைத்தான். ஆகவே அடுத்த கிளினிக் நாளில் டொக்டரிடம் உங்கள் கணவரே வாய்திறந்து, வேலைத்தளத்தில் அமோனியா அடித்தது, இத்தனை நேரம் சுவாசித்தேன் என்று சொல்லி, கிளினிக் கொப்பியில் எழுதித் தரும்படி பணிவாகக் கேட்கட்டும். டயக்னோசிஸ் கார்டை, அதாவது வீட்டுக்கு அனுப்பும்போது தரும் நோய் விபர அட்டையை, லெமினேட் பண்ணிவிடாமல் போட்டோ கொப்பி எடுத்து வையுங்கள். கண்ணை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடவும் வேண்டாம். அமோனியா ஈரத்தைத் தேடிப்போய்ச் சுடுகிற சாமான், கண்ணைப் போலவே மூச்சுக்குழாயையும் புண்ணாக்கும், அந்தத் தழும்பு மாதக்கணக்கில் நின்று தொந்தரவு தரலாம். நெஞ்சு கிளினிக்குக்கும் ஒரு கடிதம் வாங்குங்கள்.

பொலிஸில் முறைப்பாடு செய்தீர்களா என்று எழுதவில்லை. செய்யாவிட்டால் இப்போதாவது செய்து, முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்கும் அங்கிருந்தே வழி பிறக்கும். நம்முடைய மாவட்டத்தில் ஒரு பழைய சிக்கல் உண்டு: சொல்வதைச் சிங்களத்தில் எழுதிவிட்டு, வாசித்துக் காட்டாமலே கையெழுத்துக் கேட்பது. தமிழில் எழுதச் சொல்லுங்கள். அது யாரும் போடுகிற பிச்சையில்லை, அரசியலமைப்பு தந்த உரிமை.

சரி, நட்டஈட்டுக்கு வருவோம். உங்களுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டத்தின் கீழ் கொழும்பிலுள்ள நட்டஈட்டு ஆணையாளரிடம் விண்ணப்பிப்பது. இதில் முதலாளி கவனக்குறைவாக இருந்தார் என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை, வேலை நேரத்தில் வேலையால் வந்த காயம் என்று காட்டினால் போதும். சம்பளத்தையும், உழைக்கும் சக்தி எத்தனை வீதம் போனது என்ற மருத்துவ அறிக்கையையும் வைத்துத் தொகையைக் கணக்கிடுவார்கள். 2022இல் வந்த திருத்தத்தோடு உச்சத்தொகை 20 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது. முன்பு அது ஐந்தரை இலட்சம். இதைத் தெரிந்துகொண்டு அந்த ஐம்பதாயிரத்தை ஒருமுறை திரும்பப் பாருங்கள். கொந்தராத்துக்காரரின் ஆள் என்ற கதையும் இங்கே எடுபடாது. தன் தொழிலின் வேலையைக் கொந்தராத்தில் கொடுத்தாலும், வேலையை வாங்கிய பிரதான முதலாளியிடமே தொழிலாளி நட்டஈடு கேட்கலாம்.

மற்றது மாவட்ட நீதிமன்றத்தில் சிவில் வழக்கு. அங்கே கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். வால்வை எப்போது பரிசோதித்தார்கள், முகமூடி கொடுத்தார்களா, கண் கழுவக் குழாய் இருந்ததா என்று எல்லாம் வரும். வென்றால் வலிக்கும் வேதனைக்கும் சேர்த்துப் பெரிய தொகை கிடைக்கலாம், ஆனால் வருடங்கள் போகும். 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். ஒரே காயத்துக்கு இரண்டு இடத்திலும் வாங்க முடியாது. எனவே எதில் இறங்குவது என்பதை விண்ணப்பம் போடுவதற்கு முன்பே ஒரு சட்டத்தரணியோடு இருந்து முடிவெடுங்கள், போட்ட பிறகு யோசித்துப் பயனில்லை. என்னைக் கேட்டால், கண் பார்வை திரும்பும் என்று டொக்டர் நம்பிக்கை சொன்னால் ஆணையாளர் வழி, நிரந்தரமாகப் போய்விட்டது, வயதும் குறைவு என்றால் சிவில் வழக்கைப் பற்றி யோசிப்பேன்.

வசதியில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 1978ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக வழக்குப் பேசுகிறது, திருகோணமலையிலும் அதன் நிலையம் இருக்கிறது. அடையாள அட்டை, வருமானத்துக்குக் கிராம உத்தியோகத்தரின் கடிதம், மருத்துவத் தாள்கள், சம்பளத் துண்டு, சேமலாப நிதி இலக்கம் எல்லாவற்றையும் ஒரே பைலில் கொண்டு போங்கள். நட்டஈடு வாங்கித் தருகிறேன், வருவதில் பாதி எனக்கு என்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று பேசும் தரகர்களிடம் மட்டும் ஒறிஜினல் எதையும் கொடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்று. மூன்று நாளுக்கு மேல் வேலைக்குப் போகமுடியாத காயம் என்றால் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டப்படி முதலாளி அதைத் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு அறிவிக்க வேண்டும். அறிவித்தாரா என்று தொழில் அலுவலகத்தில் கேளுங்கள். இல்லையென்றால் நீங்களே எழுத்தில் கொடுத்து, கொப்பியில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். பொறியியலாளர் வந்து பார்த்து எழுதும் அறிக்கையை 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம், 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்ல வேண்டும்.

கேள்வி: பைபர் கிளாஸ் படகு கட்டும் இடத்தில் வேலை. பிசினுக்கு ஹாட்னர் (அதை இறுக வைக்கும் திரவம்) ஊற்றும்போது கண்ணில் தெறித்து ஒரு கண் பார்வை குறைந்துவிட்டது. நியமனக் கடிதம் இல்லை, நாள் சம்பளம். முதலாளி என் சொந்த மாமா. கேஸ் போட்டால் வீட்டில் சண்டை வரும்.
(மூதூர் வாசகர்)

பதில்: தம்பி, நியமனக் கடிதம் இல்லாவிட்டாலும் நீங்கள் தொழிலாளிதான், வாய்ப்பேச்சில் அமைந்த வேலை ஒப்பந்தமும் சட்டத்தில் ஒப்பந்தமே. மாமா வட்ஸப்பில் "நாளைக்கு வெள்ளனவே வா, ரெண்டு படகு முடிக்கணும்" என்று போட்ட குரல் பதிவுகூடச் சான்றாகும், அழித்துவிடாதீர்கள். கூட வேலை செய்தவர் ஒருவர் சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி தந்தால் இன்னும் நல்லது. அந்த ஹாட்னர் போத்தலின் லேபிளைப் போட்டோ எடுத்துக் கண் டொக்டரிடம் காட்டுங்கள், அது வெறும் பிசின் இல்லை, கடுமையான பெரொக்சைட், உள்ளே எரிந்துகொண்டே போகக்கூடியது.

உறவு முறியாமல் பேசித் தீர்க்க நினைப்பது நல்லதுதான். ஆனால் திண்ணையில் பேசி முடிக்காதீர்கள். தொகையை எழுத்தில் போட்டு, அந்த உடன்படிக்கையை நட்டஈட்டு ஆணையாளரிடம் பதிவு செய்யுங்கள். மாமா நல்லவர் என்றால் அதற்கு மறுக்கமாட்டார். மறுத்தால், சண்டையைத் தொடங்கியது நீங்கள் இல்லை.

கேள்வி: பக்கத்துக் காணியில் வாகனம் கழுவும் சேர்விஸ் நிலையம் வந்த பிறகு எங்கள் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறது. பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் சொறி. யாரிடம் போவது?
(நிலாவெளி வாசகி)

பதில்: முதலில் அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ குளிக்கவோ வேண்டாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டு அவர் முன்னிலையில் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள், நீங்களே போத்தலில் பிடித்துக்கொண்டு போனால் நாளைக்கு எதிர்த்தரப்பு "எங்கே பிடித்த தண்ணீர்?" என்று கேட்கும். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். அப்புறம் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் பிரதேச சபைக்கும் பதிவுத்தபாலில் முறைப்பாடு அனுப்புங்கள், சேர்விஸ் நிலையத்துக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் தேவை, அது இருக்கிறதா என்றும் அதிலேயே கேளுங்கள். அசைவில்லை என்றால் பொதுத்தொல்லை என்று நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

யாழ்ப்பாணத்தில் சுன்னாகம் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்த விவகாரத்தில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்த மின் நிலையத்தை நடத்திய கம்பனியை இரண்டு கோடி ரூபா கட்டச் சொன்னது. அந்த வழக்கில் கிணற்று நீரின் ஆய்வறிக்கைகள்தான் முதுகெலும்பு. நீங்களும் சுற்றியுள்ள வீடுகளைச் சேர்த்துக்கொண்டு எல்லாக் கிணற்றிலும் ஒரே நாளில் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளைத் தோல் கிளினிக்கில் காட்டும்போது தண்ணீர் விஷயத்தையும் கொப்பியில் எழுதச் சொல்ல மறக்காதீர்கள்.