கிலோவாட்டை டன்னாக மாற்றும் முன்: அது மின்சாரமா, வெப்பமா?

கேள்வி: எங்கள் 1.5 டன் ஏசியின் தகட்டில் மின்நுகர்வு 1,600 வாட் என்று போட்டிருக்கிறது. 1 டன் என்பது 3.517 கிலோவாட் என்றால், 1.5 டன்னுக்கு 5.28 கிலோவாட் வர வேண்டாமா? எது தவறு? அடுத்து, 6 கிலோவாட் கருவிகள் ஓடும் சர்வர் அறைக்கு எத்தனை டன் ஏசி வேண்டும்?

பதில்: இரண்டு எண்ணுமே சரி. 1,600 வாட் என்பது ஏசி இழுக்கும் மின்சாரம். 5.28 கிலோவாட் என்பது அது அறையிலிருந்து அள்ளி வெளியேற்றும் வெப்பம். ஏசி குளிரை உற்பத்தி செய்வதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியே கடத்துகிறது. கடத்தும் வேலைக்கு மட்டுமே மின்சாரம் செலவாகிறது. அதனால்தான் கொடுத்ததைப் போல மூன்று மடங்கு வெப்பத்தை நகர்த்த முடிகிறது. வெளியலகிலிருந்து வரும் காற்றில் இரண்டும் சேர்ந்தே இருக்கும்: 5.28 + 1.6, ஏறத்தாழ 6.9 கிலோவாட்.

டன் என்ற சொல் பனிக்கட்டிக் காலத்தது. 2,000 பவுண்டு பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது உறிஞ்சும் வெப்பம்தான் 1 டன். ஒரு பவுண்டுக்கு 144 பி.டி.யூ. (வெப்பத்தை அளக்கும் பிரிட்டிஷ் அலகு) வீதம் மொத்தம் 2,88,000. அதை 24ஆல் வகுத்தால் மணிக்கு 12,000 பி.டி.யூ. இதுவே 3.517 கிலோவாட். ஆக, டன் என்பது வேகம். மின்கட்டண ரசீதில் வரும் யூனிட், அதாவது கிலோவாட்-மணி, அளவு. யூனிட்டை நேராக டன்னாக்க முடியாது, எத்தனை மணி நேரம் என்பது தெரிய வேண்டும். உங்கள் ஏசி 8 மணி நேரம் முழுத்திறனில் ஓடினால் செலவு 12.8 யூனிட், அகற்றிய வெப்பம் 12 டன்-மணி, அதாவது 42.2 கிலோவாட்-மணி.

மின்சாரத்தையும் டன்னையும் இணைக்கும் எண்ணுக்கு சி.ஓ.பி. என்று பெயர். குளிர்த்திறனை மின்நுகர்வால் வகுத்தால் அது கிடைக்கும்: 5.28 ÷ 1.6 = 3.3. தகட்டில் இ.இ.ஆர். (ஏசியின் மின்சிக்கன விகிதம்) இருந்தால் அதன் அலகைக் கவனியுங்கள். 3, 4 என்ற அளவில் இருந்தால் அது வாட்டுக்கு வாட் கணக்கு, சி.ஓ.பி.யேதான். 10, 11 என்று இருந்தால் பி.டி.யூ. கணக்கு, 3.412ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். இதைக் கவனிக்காமல் 11ஐ அப்படியே பெருக்கி, 1.6 கிலோவாட்டுக்கு 5 டன் என்று கணக்குப் போடுவது அடிக்கடி நடக்கும் பிழை. இன்வெர்ட்டர் ஏசியில் குறைந்தபட்சம், ரேட்டட், அதிகபட்சம் என மூன்று எண்கள் இருக்கும். குளிர்த்திறன், மின்நுகர்வு இரண்டையும் ஒரே வரிசையிலிருந்து எடுங்கள். அதிகபட்ச ஆம்பியர் என்பது ஒயரும் பிரேக்கரும் தேர்ந்தெடுக்கத்தான், இந்தக் கணக்குக்கு உதவாது.

1 எச்.பி. கம்ப்ரசர் 1 டன் தரும் என்ற வாய்வழிக் கணக்கையும் நம்ப வேண்டாம். 1 எச்.பி. (குதிரைத்திறன்) என்பது 0.746 கிலோவாட். அதில் 3.517 வர சி.ஓ.பி. 4.7 இருக்க வேண்டும். உறைபதன அறையில் அது 1.5க்கு இறங்கினால் அதே 1 எச்.பி. தருவது 0.32 டன்தான்.

இனி சர்வர் அறை. இங்கே கதை தலைகீழ்: கருவிகள் இழுக்கும் மின்சாரம் முழுவதும் அறைக்குள்ளேயே வெப்பமாகிறது. ஆகவே சி.ஓ.பி.யை இதில் நுழைக்கவே கூடாது, நேராக 3.517ஆல் வகுக்க வேண்டும். முதலில் அந்த 6 கிலோவாட் எப்படி வந்தது என்று பாருங்கள். தகடுகளில் இருப்பதைக் கூட்டியிருந்தால் உண்மைச் சுமை அதைவிடக் கணிசமாகக் குறைவாக இருக்கலாம், யூ.பி.எஸ். திரையில் காட்டும் கிலோவாட்டை எடுங்கள். கே.வி.ஏ. (வோல்டையும் ஆம்பியரையும் பெருக்கி வரும் அளவு) மட்டும் தெரிந்தால், அதில் உண்மையில் வேலை செய்யும் பங்கான பவர் ஃபேக்டரால் பெருக்குங்கள்.

அளந்ததும் 6 கிலோவாட்தான் என்று கொள்வோம். யூ.பி.எஸ். அதே அறையில் இருந்து, அதன் செயல்திறன் 94 சதவீதம் என்றால் இழப்பு 0.38 கிலோவாட். விளக்குக்கு 0.1 சேர்த்தால் மொத்தம் சுமார் 6.5 கிலோவாட், அதாவது 1.85 டன். உடனே 2 டன் வாங்கிவிடாதீர்கள். பல அறைகள் சூடாகிப்போவது இந்த இடத்தில்தான். ஏசியின் 2 டன்னில் ஒரு பங்கு காற்றின் ஈரத்தை நீராக்கி வடிக்கப் போகிறது. சர்வரோ ஈரத்தை வெளியிடுவதில்லை, உலர் வெப்பம் மட்டுமே தருகிறது. சாதாரண வீட்டு ஏசியில் உலர் வெப்பத்துக்கான பங்கை 75 சதவீதம் என்று வைத்தால், 2 டன்னில் கிடைப்பது 5.3 கிலோவாட்தான். 6.5ஐ 0.75ஆல் வகுத்தால் 8.7 கிலோவாட், ஏறத்தாழ 2.5 டன். சுவர், கூரை வழியே வெயில் ஏறும் அறையாக இருந்தால் அந்த வெப்பத்தை இதற்குமேல் தனியாகக் கூட்ட வேண்டும்.

தகட்டுத் திறன் வெளியே 35 டிகிரி, உள்ளே 27 டிகிரி இருக்கும்போது அளந்தது. வெளியலகை நேர்வெயிலிலோ காற்றுப் புகாத மூலையிலோ வைத்தால் திறன் இறங்கும், மின்சாரம் ஏறும். சர்வர் அறைக்கு தலா 2.5 டன்னில் இரண்டு ஏசிகளை வாங்கி, முறை மாற்றி ஓட்டுங்கள். ஒன்று பழுதானாலும் மற்றது முழுச் சுமையையும் தாங்கும்.