அப்செட்டானது யார்?

கேள்வி: ஞாயிறு காலையில் நாங்கள் ஆறு நண்பர்கள் மணிக்கூண்டுக்குப் பக்கத்திலுள்ள டீக்கடையில் கூடி, குதிரைப் பந்தயம் பற்றிய கடினமான வினாடி வினாக் கேள்விகளுக்கு விடை தேடுகிறோம். பணம் வைப்பதில்லை, தோற்றவர் டீக்குக் காசு கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். போட்டியில் எதிர்பாராத தோல்வியைக் குறிக்கும் 'அப்செட்' என்ற ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது என்பது போன வாரக் கேள்வி. மேன் ஓ வார் என்ற மாபெரும் குதிரையை அப்செட் என்ற குதிரை தோற்கடித்ததால் வந்தது என்றேன். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒப்புக்கொள்ளவில்லை. என் மகன் செல்பேசியில் பார்த்து, நான் சொன்னதே சரி என்றான். அப்படியும் நண்பர் காசு கொடுக்க மறுக்கிறார். என் மனைவியோ, இதுவும் சூதாட்டம்தான் என்கிறாள். தீர்ப்புச் சொல்லுங்கள்.
- ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: டீக்கான காசை நீங்களே கொடுத்துவிடுங்கள். ஆறு பேருக்கும். துறைமுகத்து நண்பருக்கு ஒரு பன்னும் சேர்த்து.

பந்தயம் நடந்தது உண்மை. 1919 ஆகஸ்ட் 13 அன்று அமெரிக்காவின் சரடோகா மைதானத்தில் மேன் ஓ வார் தோற்றது. வாழ்நாளில் அது ஓடிய பந்தயங்கள் 21. தோற்றது அந்த ஒன்றில் மட்டும். தோற்கடித்த குதிரையின் பெயர் அப்செட் என்பதும் சரி. ஆனால் எதிர்பாராத தோல்வியைக் குறிக்கும் சொல்லாக 'அப்செட்', அந்த இரண்டு குதிரைகளும் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க நாளிதழ்களின் பந்தயச் செய்திகளில் வந்துவிட்டது. பழைய நாளிதழ்களைத் தேடிப் புரட்டியவர்கள் இதை நிறுவிவிட்டார்கள். பெயருக்கும் நிகழ்ச்சிக்கும் நேர்ந்த பொருத்தம் அவ்வளவு அழகாக இருந்ததால், கதை தானாக முளைத்துக்கொண்டது. மதுரையில் நரிகள் பரிகளானதைப் போலத்தான். பகலில் லாயத்தில் கம்பீரமாக நிற்கும், இரவானால் ஊளையிடும்.

உங்கள் மகன் மீது எனக்குக் கோபம் இல்லை. செல்பேசி பெரும்பாலோர் திருப்பிச் சொன்ன கதையை முதலில் காட்டும். அதைத்தான் அவர் படித்துக் காட்டினார். கோபம் உங்கள் மீதுதான். ஆறு பேர் உட்கார்ந்திருக்கும் மேசையில், அந்தப் பந்தயத்தைப் பற்றி வேறு எதையும் நீங்கள் கேட்டுக்கொள்ளவில்லையே! மேன் ஓ வார் ஏன் தோற்றது என்று ஒருவராவது கேட்டிருந்தால், அரை மணி நேரம் நல்ல சண்டை போட்டிருக்கலாம். பந்தயங்களில் பலமான குதிரைக்குக் கூடுதல் எடை ஏற்றி ஓடவிடுவதுண்டு. அன்று மேன் ஓ வார் சுமந்த எடை 130 பவுண்டு, அப்செட் சுமந்தது 115. பதினைந்து பவுண்டு என்றால் ஏறக்குறைய ஏழு கிலோ. ரேஷன் கடையிலிருந்து ஏழு கிலோ அரிசியைத் தோளில் வைத்துக்கொண்டு, வெறுங்கையோடு வருகிறவருடன் வீடுவரை ஓடிப் பாருங்கள். தொடக்கமும் கோளாறு. இன்றைக்கு இருப்பதுபோலக் குதிரைகளை அடைத்து வைத்துத் திறந்துவிடும் கதவுகள் அந்தக் காலத்தில் இல்லை. குறுக்கே கட்டிய தடுப்பு நாடாவைத் தூக்கிவிடுவார்கள். மேன் ஓ வார் சரியாக நிற்கும் முன்பே நாடா மேலே போய்விட்டது. ஓட வேண்டிய தூரமோ வெறும் ஆறு பர்லாங், ஒரு மைலில் முக்கால். விட்டதைப் பிடிக்கப் பாதை போதவில்லை.

பர்லாங் என்றதும் உங்கள் வயதுக்காரர்களுக்குச் சாலையோரத்துப் பர்லாங் கல் நினைவுக்கு வரும். அந்த நினைவுதான் உங்கள் கைமுதல். உங்கள் மகனிடம் அது கிடையாது.

கடினமான கேள்வி என்று எதைச் சொல்வீர்கள்? எந்த ஆண்டு, குதிரையை ஓட்டிய ஜாக்கி யார், எத்தனை விநாடி என்று கேட்பது கடினமல்ல, சலிப்பு. தெரிந்தவர் சொல்வார், தெரியாதவர் டீயை ஆற்றிக்கொண்டிருப்பார். ஆறு பேரும் ஆளுக்கொரு துண்டு கொண்டுவந்து ஒட்ட வைக்கக்கூடிய கேள்விதான் நல்ல கேள்வி. அது குதிரைக்கொம்பு என்று சொல்லித் தப்பிக்காதீர்கள், இருக்கிறது. எந்தக் குதிரையின் எலும்புக்கூடு ஒரு நாட்டிலும், தோலும் இதயமும் இன்னொரு நாட்டின் இரண்டு ஊர்களிலும் இருக்கின்றன? ஒருவருக்குப் பிறந்த ஊர் தெரியும், நியூசிலாந்து. ஒருவருக்கு 1930இல் அது வென்ற மெல்பர்ன் கோப்பை தெரியும். மூன்றாமவருக்கு 1932இல் அது அமெரிக்காவில் செத்துப்போனது தெரியும். எந்த ஊருக்கு எந்த உரிமை என்று வாதாடினாலே ஃபார் லாப் என்ற அந்தக் குதிரை வந்து நின்றுவிடும்: எலும்புக்கூடு வெலிங்டனில், தோல் மெல்பர்னில், இதயம் கான்பெராவில். செத்த குதிரைக்குப் பாகப்பிரிவினை செய்திருக்கிறார்கள். நம் ஊரில் உயிரோடிருக்கும் அப்பாவுக்கே செய்கிறோம்.

இன்னொன்று, நம் நாட்டுக்காரருடையது. 1943இல் பம்பாயில் நடந்த முதல் இந்தியன் டெர்பியை வென்ற பிரின்சஸ் பியூட்டிஃபுல் பரோடா மகாராஜாவின் குதிரை. 1947 செப்டம்பரில், நாம் சுதந்திரம் பெற்ற அடுத்த மாதமே, இங்கிலாந்தின் செயின்ட் லெஜர் பந்தயத்தை வென்ற குதிரையும் அவருடையதுதான். அந்தக் குதிரையின் பெயர் என்ன? பந்தயப் புத்தகத்தை விட்டுவிட்டு, வரலாற்றுப் பாடத்துக்குப் போங்கள். பரோடாவின் புகழ்பெற்ற முந்தைய மன்னர், இவருடைய தாத்தா, யார்? சாயாஜிராவ். குதிரைக்கும் அதே பெயர். எங்கள் காலத்துப் பள்ளி வாத்தியார் இருந்திருந்தால் இதற்கே ஒரு வரிசைப் பையன்களைப் பெஞ்சின் மேல் ஏற்றியிருப்பார், இறக்கியிருப்பார்.

கணக்கு தெரிந்த நண்பர் இருந்தால் அவருக்கும் வேலை கொடுங்கள். 1973இல் செக்ரடேரியட் என்ற குதிரை அமெரிக்காவின் பெல்மான்ட் பந்தயத்தை 31 குதிரை நீள இடைவெளியில் வென்றது. ஒரு நீளம் சுமார் எட்டு அடி. இரண்டாவது குதிரை எத்தனை மின்சார ரயில் பெட்டிகளுக்குப் பின்னால் வந்தது? ஒரு பெட்டி சுமார் 20 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் மூன்றரைப் பெட்டிக்கும் மேல். கும்மிடிப்பூண்டி வண்டியில் தினமும் போய் வந்தவருக்கு அந்த வெற்றி அப்போதுதான் கண்ணில் தெரியும்.

இனி உங்கள் மனைவி. 1974இல் தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்ததும், 1996இல் உச்ச நீதிமன்றம் அது திறமை சார்ந்த ஆட்டம், சூதாட்டம் அல்ல என்று தீர்ப்பளித்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தத் தீர்ப்பை வீட்டில் எடுத்து நீட்டாதீர்கள். உச்ச நீதிமன்றம் உலை வைப்பதில்லை. நான் சின்ன வயதில் ராயபுரத்தில் இருந்தேன். பந்தய நாளில் கடற்கரை நிலையத்தில் ரயிலேறிக் கிண்டிக்குப் போனவர்கள் திரும்பும் நேரத்துக்கு எங்கள் தெருவில் திண்ணைக்குத் திண்ணை ஒரு பெண் நிற்பார். நடையைப் பார்த்தே தெரிந்துவிடும். செருப்பைத் தேய்த்து நடந்து வந்தால் அந்த வீட்டில் அன்று அடுப்பு எரியாது. அந்தத் திண்ணைகளைப் பார்த்து வளர்ந்த பெண்ணுக்குக் 'குதிரை' என்ற சொல்லே போதும். நீங்கள் காசு வைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் ஆறு டீயின் விலைக்காக ஒரு வாரமாக நண்பரோடு மல்லுக்கட்டி, மகனைச் சாட்சிக்கு இழுத்து, எனக்குக் கடிதமும் போட்டிருக்கிறீர்களே, அதைப் பார்த்துத்தான் அவர் அப்படிச் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு ஞாயிறு அவரையும் அழைத்துப் போங்கள். கேள்வியை அவர் படிக்கட்டும்.

வரும் ஞாயிறுக்கு என் பங்காக ஒன்று. 1923இல் நியூயார்க்கில் ஒரு ஜாக்கி தன் வாழ்க்கையின் முதல் வெற்றியைப் பெற்றார். கடைசி வெற்றியும் அதுதான். ஓடி வந்து கைகொடுத்தவர்களுக்கு அவர் பதில் சொல்லவில்லை. ஏன்? ஒரு குறிப்பு மட்டும் தருகிறேன்: குதிரை எல்லைக்கோட்டைத் தாண்டும்போது ஜாக்கி அதன் முதுகில் இருக்க வேண்டும் என்பதுதான் விதி. அவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று அது கேட்பதில்லை.