கடைக்காரர்களிடம் இவ்வளவு வரி வாங்கும் அரசு, எங்கள் ஊராட்சிக்கு மட்டும் ஏன் நிதி தருவதில்லை?

கேட்டவர் ஜிஎஸ்டி கட்டும் கடைக்காரர் என்று எடுத்துக்கொள்கிறேன். கடை வாசலில் தெருவிளக்கு எரியவில்லை, ஊராட்சி அலுவலகத்தில் போய்க் கேட்டால் "நிதி இல்லை" என்கிறார்கள். அதுதானே? அந்த "நிதி இல்லை"யைச் சொன்ன வாய்களில் என்னுடையதும் ஒன்று. அதனால்தான் இந்தக் கேள்வியைக் கண்டும் காணாமல் போக முடியவில்லை.

2020 ஜனவரி முதல் 2025 ஜனவரி வரை தமிழ்நாட்டில் ஒரு சிறிய ஊராட்சியில் வார்டு உறுப்பினராக இருந்தேன். பிழைப்புக்குத் தையல் கடை. "நீங்கள் எந்தக் கட்சி?" என்று கேட்கக் காத்திருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கிராம ஊராட்சி வார்டுத் தேர்தல் கட்சிச் சின்னத்தில் நடப்பதில்லை. எனக்கு எந்த அரசுக்கும் வக்காலத்து வாங்கவேண்டிய தேவையும் இல்லை.

நீங்கள் கட்டும் ஜிஎஸ்டியில் ஒரு ரூபாய்கூட நேராக உங்கள் ஊராட்சிக் கணக்கில் வந்து விழாது. ஊருக்குள் விற்கும் சரக்கின் வரியில் பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநில அரசுக்கு. அங்கிருந்து, வரிப்பணத்தை யாருக்கு எவ்வளவு பிரிப்பது என்று பரிந்துரைக்கும் நிதிக் குழுவின் மானியம் என்ற பெயரில் சுற்றி வளைத்துத்தான் கீழே இறங்குகிறது. இறங்கும்போதே கையைக் கட்டிவிட்டுத்தான் இறங்குகிறது. 2021 முதல் 2026 வரைக்கான 15ஆவது நிதிக் குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே என்று இருந்தது. மீதி 40 விழுக்காட்டை ஊரின் தேவைக்குச் செலவிட முடிந்தது, ஆனால் அதிலிருந்து சம்பளமோ நிர்வாகச் செலவோ கொடுக்க முடியவில்லை. மாநில நிதிக் குழு மானியமோ, எங்கள் ஊராட்சியைப் பொறுத்தவரை, மின்கட்டணத்திலும் சம்பளத்திலும் கரைந்துபோகும். 2016 முதல் 2019 முடியும்வரை உள்ளாட்சித் தேர்தலே நடக்காததால் மத்திய மானியம் மேலேயே தேங்கிப்போன கதை தனி.

தொழில் செய்பவர்களிடமிருந்து வாங்கி ஊரிலேயே தங்குகிற வரி என்றால் முக்கியமாக ஒன்றுதான்: தொழில் வரி. தொழில் நடத்துபவர்கள் மட்டுமல்ல, சம்பளத்துக்கு வேலை செய்பவர்களும் கட்டுவது. கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் இதை மாநில அரசு வசூலிக்கிறது. தமிழ்நாட்டில் உள்ளாட்சி அமைப்புகளே ஆறு மாதத்துக்கு ஒருமுறை வசூலித்து வைத்துக்கொள்கின்றன. அரசியலமைப்பின் 276ஆவது பிரிவு இதற்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. 250 ஆக இருந்ததை 1988இல் இப்படி உயர்த்தினார்கள். அதன்பிறகு யாரும் தொடவில்லை. அன்றைக்கு 2,500 என்ன பெறும், இன்றைக்கு என்ன பெறும் என்று கடை நடத்தும் உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

யோக்கியம் பேசுகிறேன் என்று நினைக்கவேண்டாம். உறுப்பினராகும்வரை நானே இந்த வரியைக் கட்டியதில்லை. அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

தெரியவந்த விதத்தைச் சொல்கிறேன். எங்கள் ஊர் எல்லையில் ஒரு நூல் மில் இருக்கிறது. அங்கே வேலை செய்யும் ஒரு பெண் ரவிக்கை தைக்க வந்தாள். அளவு குறிக்க ஒரு தாள் கேட்டேன். பையைத் துழாவித் தன் சம்பளச் சீட்டை நீட்டினாள். பின்புறம் அளவெல்லாம் எழுதிவிட்டு, இரவில் வெட்டுவதற்காக எடுத்தபோது முன்புறத்தைப் பார்த்தேன். "தொழில் வரி பிடித்தம்" என்று ஒரு வரி. மறுநாள் ஊராட்சி செயலரிடம் கேட்டேன், இந்தப் பணம் நம் கணக்கில் எங்கே வரவாகிறது என்று. அவர் ரசீதுப் புத்தகங்களைப் புரட்டினார். மில்லின் பெயரே எதிலும் இல்லை.

தலைவர் கையெழுத்தோடு கடிதம் போனது. இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது: தலைமை அலுவலகம் இருக்கும் மாநகராட்சியில் எல்லோருக்கும் சேர்த்துக் கட்டிவிட்டோம். எங்கள் தண்ணீர்த் தொட்டி, எங்கள் சாலை, அந்தச் சாலையில் ஓடும் அவர்கள் லாரி. வரி மட்டும் மாநகராட்சிக்கு! மாநகராட்சியில் இருப்பவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் ஊரிலும் விளக்கு எரியவில்லை என்பது எனக்குத் தெரியும்.

இந்த இடத்தில் கேள்விக்குத் தொடர்பில்லாத ஒன்றைச் சொல்லாமல் விடமுடியவில்லை. அந்தக் கடிதத்துக்கான விவரம் முழுவதையும் திரட்டியவள் நான். மில்லிலிருந்து பேச வந்தவர் என் வீட்டுக்கு வந்து, என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "மெம்பர் இல்லையா?" என்று என் கணவரைத் தேடினார். அவரைச் சொல்லி என்ன, வட்டார அலுவலகத்திலிருந்து வரும் தொலைபேசி அழைப்பும் ஐந்து ஆண்டுகளும் கணவர் எண்ணுக்குத்தான் வந்தது. உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று சட்டம் இருக்கிறது. எங்கள் வீட்டில் மட்டும் உறுப்பினர் அவர், தையல்காரி நான். அவருக்கே இதில் கூச்சம்தான், பாவம்.

சரி, மில்லுக்கு வருகிறேன். எல்லைக்குள் வேலை செய்பவர்களின் தொழில் வரி எங்கள் ஊராட்சிக்கே உரியது என்று தீர்மானம் போட்டு மறுபடியும் எழுதினோம். மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு, முந்தையதை விட்டுவிட்டு, அடுத்த அரையாண்டிலிருந்து கட்ட ஒப்புக்கொண்டார்கள். பெரிய தொகை என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். ஆனால் அது நிபந்தனைக் கயிறு இல்லாத பணம். எதற்கு என்று மேலே யாரையும் கேட்காமல், மோட்டார் காயில் எரிந்த வாரமே மாற்றினோம். பழைய குழல்விளக்குகளைக் கழற்றிவிட்டு எல்இடி போட்டோம்.

எனவே, ஐயா, நான் உங்களைக் குறை சொல்லவில்லை. மேலே இருப்பவர்கள் பணத்தைக் கயிறு கட்டித் தருவது தவறு என்பதில் எனக்கும் உங்கள் கோபம்தான். ஆனால் ஜிஎஸ்டி ரசீதை ஊராட்சியில் நீட்டிப் பயனில்லை. தொழில் வரி ரசீது ஒன்று இருந்தால் அதை எடுத்துக்கொண்டு கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. இப்போது மார்ச் 22, நவம்பர் 1 வேறு. வரவு செலவு வாசிக்கும்போது இருங்கள், நிபந்தனையோடு வந்த மானியம் எவ்வளவு, நிபந்தனை இல்லாத பணம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் பாதிப் பேர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவுடன் எழுந்து போய்விடுவார்கள்.

மில் பணம் கட்டிய மறு ஆண்டு கிராம சபைக்கு, முன்பு என் வீட்டுக்குப் பேச வந்த அந்த மில் மேலாளரே வந்திருந்தார். கையில் இரண்டு ரசீதுகள். மில் வாசல் வளைவில் இருக்கும் விளக்கு ஒரு மாதமாக எரியவில்லை, இரவு ஷிப்டு முடிந்து பெண்கள் இருட்டில் நடக்கிறார்கள் என்றார். தலைவர் வழக்கம்போல வாயெடுத்தார். "நிதி இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்" என்று மேலாளர் ரசீதுகளைத் தூக்கிக் காட்டினார். மறுநாள் மாலைக்குள் விளக்கு எரிந்தது.