குறைந்த எண்ணிக்கையில் மட்டும் செய்து வரிசை எண்ணிட்டு விற்கப்படும் சொகுசுக் கைக்கடிகாரத்தை வாங்கி வைத்தால் பிற்காலத்தில் மதிப்பு கூடுமா?

குறைவாகச் செய்தார்கள் என்பதற்காக மட்டும் மதிப்பு கூடிவிடாது. பெருவிலை போன சில, திட்டமிடாமலே அரிதானவை. சுவிஸ் கடிகார நிறுவனமான பட்டேக் பிலிப் 1941 முதல் தயாரித்த 1518 வகையில் மொத்தம் 281 கடிகாரங்களே உண்டு. பெரும்பாலானவை தங்கத்தில் செய்தவை; எஃகில் செய்தவையாக இதுவரை அறியப்பட்டவை நான்கே. அவற்றுள் ஒன்று 2016-இல் ஜெனீவாவில் 1.1 கோடி சுவிஸ் பிராங்குக்கு மேல் ஏலம் போயிற்று. ரோலெக்ஸின் டேடோனா வகையில் இன்று அமெரிக்க நடிகர் பால் நியூமன் பெயரால் பால் நியூமன் டயல் என்று கொண்டாடப்படுவதோ, வந்த காலத்தில் கேட்பாரற்றுக் கடைகளில் தேங்கிக் கிடந்தது; அதனாலேயே அது அரிதாயிற்று. மனைவி வாங்கிக் கொடுத்து நியூமனே கட்டியிருந்த கடிகாரம் 2017-இல் நியூயார்க்கில் ஏறத்தாழ 1.77 கோடி டாலருக்கு விற்றது.

திட்டமிட்ட அருமையும் சில வேளை பலிக்கும். அமெரிக்க நகை நிறுவனமான டிஃபனியின் நீல நிற டயலோடு 170 மட்டும் செய்யப்பட்ட பட்டேக் 5711-இல் முதலாவது, 2021-இல் 65 லட்சம் டாலருக்குப் போனது. ஆனால் அது அறப்பணிக்கான ஏலம். அந்த வகைக்கு ஏற்கெனவே ஆண்டுக்கணக்கில் ஆட்கள் காத்திருந்தார்கள். சாதாரண 5711-இன் வெளிச்சந்தை விலை மறு ஆண்டே சரிந்ததையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இன்னொன்றை நான் பட்டே தெரிந்துகொண்டேன். என் தகப்பனார் கட்டியிருந்த எச்எம்டி பைலட், சாவி கொடுத்து ஓடும் கறுப்பு டயல் கடிகாரம், பளிச்சென்று இருக்கட்டுமே என்று திருநெல்வேலி டவுனில் ஒருவரிடம் கொடுத்து டயலுக்குப் புது வண்ணம் பூசி வாங்கினேன். எச்எம்டி கடிகார நிறுவனத்தை மூட 2016-இல் மத்திய அரசு முடிவெடுத்த பிறகு பழைய பைலட்டைத் தேடுபவர்கள் பெருகினார்கள். தூத்துக்குடியிலிருந்து வந்த சேகரிப்பாளர் ஒருவர் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு அரை நிமிடம் பார்த்தார். பழுப்பேறியிருக்க வேண்டிய எண்கள் பச்சையாக இருந்தன. ஓரத்து நிமிடக் கோடுகள் ஒன்றுக்கொன்று தடிப்பு மாறியிருந்தன. “டயல் போயிட்டே அண்ணாச்சி” என்று சொல்லித் திருப்பித் தந்துவிட்டார். லட்சக்கணக்கில் விலையுள்ள கடிகாரத்துக்கும் இதே பார்வைதான்.

ஆகவே, எண்ணிட்டதை வாங்குவதாயின், அந்த வகையின் சாதாரணக் கடிகாரம் கடை விலைக்குக் குறையாமல் கைமாறுகிறதா என்று முதலில் பாருங்கள். பெட்டியையும் உத்தரவாதச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். சர்வீசுக்குக் கொடுக்கும்போது கேஸை, அதாவது வெளிக்கூட்டை, மெருகேற்ற வேண்டாம், டயலைத் தொட வேண்டாம் என்று எழுதியே கொடுங்கள்.