இரண்டு பேருக்கும் ஒரே வக்கீல்?

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் தங்கையின் விவாகரத்து பற்றி முன்பு ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அதனால்தான் உங்களிடம் கேட்கத் தோன்றியது. எனக்கு மருதமலையில் கல்யாணமாகி எட்டு வருடம். குடித்தனம் கோயம்புத்தூரில். இரண்டு வருடமாக மகளோடு தஞ்சாவூரில் அம்மா வீட்டில் இருக்கிறேன். மகள் இரண்டாம் வகுப்பு. இனி ஒத்துவராது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

போன மாதம் அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் வந்து, "பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு முடித்துக்கொள்வோம், கோர்ட்டு எதற்கு" என்றார்கள். என் மாமா ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது, "எங்கள் வக்கீலே இரண்டு பேருக்கும் பார்த்துக்கொள்வார், நீ வந்து கையெழுத்து மட்டும் போடு, செலவு எங்களுடையது" என்கிறார்கள். சுமுகமாக முடிந்தால் போதும் என்கிறாள் அம்மா. நான் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதுகிறேன், வக்கீலுக்குக் கொடுக்கக் கையில் பணம் இல்லை. தனியாக வக்கீல் வைத்தால் அவர்களுக்குக் கோபம் வந்து எல்லாம் கெட்டுவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பெயரைப் போடவேண்டாம்.

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்களுக்கென்று ஒரு வக்கீல் வைத்துக்கொள்ளுங்கள். கோபம் வந்தால் வரட்டும்.

முதலில் அந்தப் பத்திரம். உங்கள் மாமா தடுத்தது பெரிய உதவி. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் கீழ் வரும் கல்யாணத்தைக் கோர்ட்டுத் தீர்ப்புதான் முடித்துவைக்கும். சில சமூகங்களில் வழக்கப்படி தீர்த்துக்கொள்வதைச் சட்டம் ஏற்கிறது என்றாலும், அப்படி ஒரு வழக்கம் காலகாலமாக இருப்பதைக் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். மற்றபடி முத்திரைத்தாளில் எழுதி, ஊர்ப் பெரியவர்கள் சாட்சி போட்டு, நோட்டரி முத்திரையே குத்தினாலும் நீங்கள் அவர் மனைவிதான். அந்தத் தாளை நம்பி மறுமணம் செய்தால் அது செல்லாது, இருதார வழக்கும் வரலாம்.

இனி என் தங்கை கதை. அவளுக்கும் இப்படித்தான் "ஒரே வக்கீல் போதும்" என்றார்கள். நாங்களும் சரி என்றோம். அவர் கெட்டவர் இல்லை, மரியாதையாகவே பேசினார். மனுவில் கையெழுத்து வாங்கியது கோர்ட்டு வராந்தாவில், கூட்டத்துக்கு நடுவில், நின்றபடி. "இங்கே, இங்கே, இங்கே" என்று விரலை வைத்துக் காட்டினார், அவள் போட்டாள். ஆறாவது பத்தியிலோ ஏழாவது பத்தியிலோ ஒரு வரி இருந்தது: "எங்களுக்குள் நகை, பணம், சீர்ப்பொருள் சம்பந்தமாகக் கொடுக்கல் வாங்கல் எதுவும் பாக்கியில்லை." அவளுடைய இருபத்திரண்டு பவுன் அப்போதும் அவர்கள் வீட்டு பீரோவில்தான் இருந்தது. நீதிபதி கேட்டது, முழு சம்மதம்தானா, யாராவது வற்புறுத்தினார்களா என்பதுதான். இவள் தலையாட்டினாள். அப்புறம் நகையைக் கேட்டபோது அந்த வரியைக் காட்டியே கதவைச் சாத்தினார்கள். பக்கத்தில் நின்றுகொண்டிருந்த நானும் அந்தத் தாளை வாங்கிப் படிக்கவில்லை. இன்றுவரை அது எனக்கு ஆறவில்லை.

கூட்டு மனுவை ஒரே வக்கீல் தாக்கல் செய்வது நடக்கத்தான் செய்கிறது. ஆனால் ஃபீஸ் கொடுப்பது அவர்கள், விவரம் சொல்வதும் அவர்கள். உங்களுக்காகக் கேட்கவேண்டிய கேள்வியை அவர் யாரிடம் கேட்பார்?

இரண்டு பேரும் சம்மதித்துப் பிரிவது அதே இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் வரும். 1976-இல் சேர்த்த பிரிவு இது. ஒரு வருடமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். இருவரும் சேர்ந்து மனுப் போட்டு, ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள் மறுபடி கோர்ட்டில் நின்று அதையே சொல்ல வேண்டும். அந்த ஆறு மாதம் கட்டாயமில்லை என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மனுப் போடும்போதே ஒன்றரை வருடம் பிரிந்திருந்து, சமரச முயற்சியில் பலனில்லாமல், ஜீவனாம்சம், குழந்தை விஷயங்களும் முடிவாகியிருந்தால் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம். நீங்கள் பிரிந்து இரண்டு வருடம் ஆகிறது, அதனால் கேட்கலாம். கொடுப்பது நீதிபதியின் முடிவு.

மனுவைத் தஞ்சாவூரிலேயே போடலாம். மனைவி குடியிருக்கும் ஊரிலும் போடலாம் என்று 2003-இல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். கோயம்புத்தூருக்கு வந்துதான் ஆகவேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாதாமாதம் லீவு போட்டுக் குழந்தையை விட்டுவிட்டு பஸ் ஏறுவது சின்ன விஷயம் இல்லை.

பேச்செல்லாம் மனுவுக்கு முன்னால் முடியவேண்டும், எழுத்தில் வரவேண்டும். மகள் யாரோடு இருப்பாள், அப்பா எந்தக் கிழமை வந்து பார்ப்பார், பள்ளிக் கட்டணம் யார் கட்டுவது, உங்களுக்கு மொத்தமாகத் தருகிறார்களா மாதாமாதமா, நகை எத்தனை பவுன், எந்தத் தேதியில் கைக்கு வரும். "பார்த்துச் செய்வோம்" என்ற பேச்சு மனுவில் ஏறாது. சீதனம் முழுக்க உங்களுடையது, அதைத் திருப்பித் தருவது அவர்கள் காட்டும் தயவு இல்லை. உங்களுக்கு எதுவும் வேண்டாம் என்று ரோஷத்தில் சொன்னாலும் மகளுக்கு உரியதை விட்டுக்கொடுக்காதீர்கள். அது அவளுடையது, உங்கள் கையெழுத்தால் போய்விடக் கூடாது.

இன்னொன்று. தீர்ப்பு வரும்வரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அதனால்தான் பணத்தில் ஒரு பகுதியை முதல் மனுவின்போதும், மீதியை இரண்டாம் முறை கோர்ட்டில் நிற்கும் அன்று டிடியாகவும் கொடுப்பது என்று பல வக்கீல்கள் எழுதிவைக்கிறார்கள். உங்கள் வக்கீலையும் அப்படி எழுதச் சொல்லுங்கள்.

பணம் இல்லை என்றீர்கள். 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். நாங்கள் இதைத் தெரிந்துகொண்டது மிகவும் தாமதமாக.

நீங்களே ஒருவரைப் பிடிப்பதானால் குடும்ப வழக்கு தினமும் நடத்துகிறவரா என்று விசாரியுங்கள். சொந்தக்காரரின் நண்பர் என்பது ஒரு தகுதி இல்லை. முதல் சந்திப்பிலேயே மொத்த ஃபீஸ் எவ்வளவு, வாய்தாவுக்கு வாய்தா தனியாகக் கேட்பாரா என்று கேளுங்கள். கூச்சப்படாதீர்கள், ரசீதும் வாங்குங்கள். வரும் ஜீவனாம்சத்தில் இத்தனை சதவீதம் என்று பேசினால் எழுந்து வந்துவிடுங்கள், பார் கவுன்சில் விதி அதை அனுமதிப்பதில்லை. நடக்காததை நடந்ததாக எழுதி போலீசில் ஒரு புகார் கொடுத்தால்தான் வழிக்கு வருவார்கள் என்று தூண்டுகிறவரும் வேண்டாம். ஆனால் உங்களை அடித்திருந்தால், மிரட்டியிருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். அதற்கு 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது, அப்போது பேச்சுவார்த்தையின் நிலையே வேறு.

கல்யாணப் பத்திரிகை, போட்டோ, மகளின் பிறப்புச் சான்றிதழ், நகை ரசீது எல்லாவற்றிலும் நகல் கொடுங்கள். அசல் உங்கள் பீரோவில் இருக்கட்டும். வெறும் தாளில் ஒரு கையெழுத்துக்கூட வேண்டாம். மனுவை முந்தின நாளே வீட்டுக்கு வாங்கி, மாமாவை உட்காரவைத்து, வரிவரியாகச் சத்தம்போட்டுப் படியுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். வக்கீல் சரிப்படவில்லை என்றால் பாதியில் மாற்றவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஃபீஸ் பாக்கி என்பதற்காகக் கேஸ் கட்டைப் பிடித்துவைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே 2000-இல் சொல்லியிருக்கிறது.

அம்மாவிடம் சொல்லுங்கள், வக்கீல் வைப்பது சண்டைக்கு இல்லை என்று. அவர்களுக்கு ஏற்கெனவே ஒருவர் இருக்கிறாரே, அதை யாரும் சண்டை என்று சொல்லவில்லையே.

தீர்ப்பு வந்த அன்றே நகல் மனுப் போட்டுச் சான்றிட்ட நகல் இரண்டு வாங்கிவிடுங்கள். பாஸ்போர்ட்டுக்கு ஒருமுறை, ரேஷன் கார்டுக்கு ஒருமுறை, மகளின் பள்ளியில் ஒருமுறை என்று அதைக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். மனு தயாரானதும், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா